எது பவானி ஜமக்காளம்? புவிசார் குறியீட்டுப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பவானியில் ஜமக்காளம் நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன். தறிக் குழியில் இறங்கும் பழக்கம் பதினான்கு வயதோடு நின்றுவிட்டது. இப்போது ஈரோட்டில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். பவானி ஜமக்காளம் 2005–06ஆம் ஆண்டில், ஊர்ப் பெயருக்குச் சட்டக் காப்புத் தரும் புவிசார் குறியீட்டைப் பெற்றது என்பதை என்னைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அந்தப் பெயர் கடைத்தெருவில் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், அதைக் காக்க வந்த சட்டம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். இது தனி ஓர் அலுவலகத்தின் மீதான புகார் அன்று. நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குவதால் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

என் அக்கா மகளின் திருமணம் வேறு மாவட்டத்தில், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டோடு ஒரு பெரிய ஜமக்காளமும் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரிலிருந்து எடுத்துப்போக மறந்துவிட்டு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அந்த ஊர்க் கடைவீதியில் ‘அசல் பவானி ஜமக்காளம்’ என்று பலகை தொங்கிய ஒரு ஜவுளிக் கடையில் வாங்கிவிட்டேன். மூலையில் தைத்திருந்த துணித்துண்டிலும் பவானி என்றே இருந்தது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக இருந்ததைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

மண்டபத்தில் அதை விரித்ததும் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் நெய்த கை அது. ஒரு முனையைத் தூக்கி எடை பார்த்தார்; விளிம்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார்; பிறகு நகத்தால் ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, இத எங்க வாங்குன? பாவு இப்படிப் பல்ல இளிக்குது பாரு. நம்முதுல பாவு கண்ணுல படுமா?” என்றார். சம்பந்தி வீட்டார் அருகில் இருந்ததால் அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆனால் பந்தி முடியும்வரை அதன் மேல் அவர் உட்காரவும் இல்லை.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். பவானி ஜமக்காளத்தில் ஊடை தடித்த பருத்தி நூல். நெசவாளி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலால் மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் வாங்குவார். அகலம் கூடிய ஜமக்காளமானால் இருவர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கிக்கொள்வார். ஒவ்வோர் ஊடைக்கும் அச்சை இழுத்து அடிக்கிற அடியில் தடித்த நூல் நெருங்கி நெருங்கி உட்கார்ந்து, அடியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முழுவதுமாக மூடிவிடும். அதனால்தான் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் திருப்பி விரித்தாலும் பட்டை கலையாது, கனமும் இருக்கும். நான் வாங்கிவந்த விரிப்பில் நூல் மெலிந்திருந்தது, ஊடை தளர்ந்திருந்தது, இடைவெளியில் பாவு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. விசைத்தறியில் ஓடிய துணி. பெயரை மட்டும் எங்கள் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தது.

திருமணம் முடிந்த மறுவாரம், விரிப்பையும் விலைச்சீட்டையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி என்னை விரட்டவில்லை. அமர வைத்துக் கேட்டார். விலைச்சீட்டைப் பார்த்தார், அதில் பவானி என்ற சொல்லே இல்லை, ‘கார்பெட் – 1’ என்று மட்டுமே இருந்தது. கணக்கு எழுதுகிறவனான நான் அதைக் கடையிலேயே கவனித்திருக்க வேண்டும். பலகையிலும் துணியிலும் ஒரு பெயர், சீட்டில் வேறொரு பெயர். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “சார், எது அசல், எது போலின்னு நான் எதை வச்சுச் சொல்வேன்? உங்க பெரியப்பா சொன்னாருன்னு எழுத முடியுமா?” அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தரும் பொறுப்பைச் சட்டம் தங்களிடம் ஒப்படைத்திருக்கிறது என்பதைப் பிற்பாடு சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

புவிசார் குறியீடுகள் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பொய்யான புவிசார் குறியீட்டைப் பொருளில் இடுவது 39ஆம் பிரிவின்படியும், அப்படி இடப்பட்ட பொருளை விற்பது 40ஆம் பிரிவின்படியும் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்த அளவு சிறைக்காலம் ஓராண்டாக உயர்கிறது. இவை காவல்துறை நேரடியாகவே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றங்கள் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. இதுவரை படித்தபோது, இவ்வளவு வலுவான சட்டத்தை வைத்துக்கொண்டு ஏன் புலம்புகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதே பிரிவில் அடுத்து வருவதைப் படித்தபோது விளங்கியது. பிடியாணை இல்லாமல் சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கு மட்டுமே உண்டு. அவரும் சோதனையிடுவதற்கு முன் பதிவாளரின் கருத்தைக் கேட்டுப் பெற வேண்டும், அந்தக் கருத்துக்குக் கட்டுப்படவும் வேண்டும். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டத்திலும் இதே நிபந்தனை உள்ளது. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில், திருட்டுப் பிரதிகளை ஓர் உதவி ஆய்வாளரே பிடியாணையின்றிக் கைப்பற்றலாம். யாருடைய கருத்தையும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. திரைப்படத்தின் திருட்டு வட்டை உதவி ஆய்வாளர் அள்ளிக்கொண்டு போகலாம்; எங்கள் ஊர்ப் பெயரைத் திருடிய ஜமக்காளத்தைத் தொடுவதற்கு டி.எஸ்.பி.யும் வேண்டும், தங்கள் கருத்தும் வேண்டும். அறிவுசார் சொத்துரிமை என்று ஒரே கூரையின் கீழ் சொல்லப்பட்டாலும், உள்ளே அறைக்கு அறை பூட்டு வேறாக இருக்கிறது.

இந்த நிபந்தனை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. போட்டி வணிகர் ஒருவர் ஏவிவிட்டு அப்பாவிக் கடைக்காரரின் சரக்கை அள்ளிச் செல்லும் ஆபத்து உண்மையானது. புவிசார் குறியீட்டில் எது அசல் என்பது துணியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற சங்கதியும் அன்று. நெசவாளி வீட்டுப் பிள்ளை நானே ஏமாந்தேன். ஆகவே பொருளை அறிந்த ஒருவரின் சொல் வேண்டும் என்று சட்டம் நினைத்ததில் பிழையில்லை. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதைத் தங்களிடம் கேட்கவும் இல்லை. அந்தக் கருத்து எவ்வளவு விரைவாக, எந்த வழியில், எந்த அளவுகோலை வைத்துத் தரப்படும் என்பது மட்டுமே என் கேள்வி. திருவிழாச் சந்தையில் மூன்று நாள் கடை போட்டுவிட்டு நான்காம் நாள் ஊர் மாறிவிடுகிற வியாபாரியிடம், கடிதம் போய்க் கடிதம் வருவதற்குள் எதைக் கைப்பற்ற முடியும்?

இந்தச் சட்டத்தைத் தவிர வேறு வழி இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. முதலில் 22 ரகங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. அந்தப் பதினொன்றிலும் ஜமக்காளம் இருக்கிறது. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பும் வழங்கிவிட்டது. ஆனால் அது தறியைப் பார்க்கிற சட்டம். ஒதுக்கப்பட்ட ரகத்தை விசைத்தறியில் நெய்கிறவரை, நெய்கிற இடத்தில் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கைத்தறித் துறையின் அமலாக்கப் பிரிவு தமிழ்நாட்டுத் தறிகளுக்குள்தான் நுழைய முடியும். மகாராட்டிரத்தின் சோலாப்பூரிலிருந்து லாரியில் வந்து இறங்குகிற விரிப்பு எந்தத் தறியில் ஓடியது என்று இங்கிருந்து போய்ப் பார்க்க முடியாது. நூலின் தன்மையையோ நெசவின் விவரத்தையோ சற்று மாற்றி, வரையறைக்குள் வராதபடி நெய்துவிட்டால் அந்தச் சட்டம் அதோடு ஓய்ந்துவிடும். விற்கிற இடத்தில், பெயரைப் பார்த்துப் பிடிக்கக்கூடிய சட்டம் தங்கள் கையில் உள்ளது ஒன்றுதான்.

சோலாப்பூரின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. சோலாப்பூர்ப் போர்வையும் சோலாப்பூர்த் துவாலையும் தங்கள் பதிவேட்டில் இடம்பெற்றவை. தன் பெயருக்குக் காப்பு வாங்கிய ஊர் அது. அங்கே நெய்த விரிப்பை அந்த ஊர்ப் பெயரிலேயே விற்றால், விலை மலிவு என்று நாலு பேர் வாங்கிக்கொள்ளட்டும். அதைத் தடுக்கப் புவிசார் குறியீட்டில் இடமும் இல்லை, எனக்கு விருப்பமும் இல்லை. பட்டைகளையோ வண்ணங்களையோ யாரும் பூட்டி வைக்க முடியாது. பொய் தைக்கப்படுவது நடுவழியில்தான். பெயரில்லாமல் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிற சரக்கில், பவானி என்ற துணித்துண்டை யாரோ ஒருவர் உட்கார்ந்து மூலைக்கு மூலை தைக்கிறார். இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு அழுக்கையும் மறைக்கக் கூடாது: பவானிக்குள்ளேயே, கைத்தறிக்குப் பக்கத்தில் விசைத்தறி விரிப்பையும் அடுக்கி, கேட்கிற வெளியூர்க்காரரிடம் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். நெசவாளியின் கூலியை உயர்த்திக் கேட்டால், “அந்த விலைக்கு சோலாப்பூர் சரக்கே வருதே” என்று பதில் சொல்வதும் அதே வாய்தான்.

இங்கே 40ஆம் பிரிவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விற்றவர் தப்ப வேண்டுமானால், தாம் உரிய முன்னெச்சரிக்கை எடுத்தும் சந்தேகிக்கக் காரணம் இல்லாதிருந்தது, கேட்டபோது சரக்குக் கொடுத்தவரைப் பற்றித் தம்மிடம் இருந்த தகவலையெல்லாம் தந்தது போன்றவற்றை அவரே நிரூபிக்க வேண்டும். அல்லது அறியாமல் செய்தேன் என்று காட்ட வேண்டும். இதைச் சரியாகப் பிடித்தால் நூலின் முனை கையில் கிடைக்கும். கடைக்காரர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று விலைச்சீட்டின் வழியே பின்னோக்கிப் போனால், துணித்துண்டு தைக்கிற இடத்துக்கே போய்ச் சேரலாம். வரிக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சரக்கு எந்தப் பெயரில் விற்கப்படுகிறதோ அதே பெயர் சீட்டிலும் இருக்க வேண்டும் என்று ஒருமுறை வலியுறுத்தத் தொடங்கினால், பலகையில் பவானி என்று எழுதுவதற்குப் பலர் கை நடுங்கும். ஆனால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, இது பவானி ஜமக்காளம் அன்று என்று அதிகாரத்தோடு சொல்லும் ஒரு தாள். அந்தத் தாள் தங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

டார்ஜிலிங் தேயிலையை எண்ணிப் பார்க்கிறேன். இந்தியாவில் முதலில் பதிவான புவிசார் குறியீடு அது. அதன் பின்னால் தேயிலை வாரியம் நிற்கிறது. அலுவலர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இல் பெயரைப் பதிவு செய்யும் அளவுக்கு வலு இருக்கிறது. கொல்கத்தாவில் ஒரு விடுதிக் கூடத்துக்கு டார்ஜிலிங் என்று பெயர் வைத்ததற்கே வாரியம் நீதிமன்றம் வரை போனது; வழக்கில் தோற்றாலும், போக முடிந்தது. பாசுமதி அரிசி மீது அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 1997இல் காப்புரிமை பெற்றபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பும் உலக வர்த்தக அமைப்பின் கடப்பாடும் சேர்ந்துதான் இந்தச் சட்டத்தைப் பெற்றுத் தந்தன. அயல்நாட்டு வணிகரை நினைத்துச் செய்த சட்டம், பக்கத்து மாவட்டக் கடைவீதிக்கு வரும்போது திணறுகிறது. உரிமை மீறல் வழக்கு என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே போய் நிற்க எங்கள் தெருவில் எவரிடம் காசும் நேரமும் இருக்கிறது?

போவதற்கு உரிமையும் எல்லோருக்கும் இல்லை. பதிவு பெற்ற உரிமையாளரும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிவேட்டின் ‘பி’ பகுதியில் பெயர் ஏறியவரும் மட்டுமே இச்சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்க முடியும். அறுபது ஆண்டு தறியில் உட்கார்ந்திருந்தாலும் பெயர் ஏறவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அவருக்கு அந்த உரிமை இல்லை. இதற்கான கட்டணம் 2020ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் எங்கள் தெருவில் நான் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு படிவம் இருப்பது தெரியவில்லை. பெரியப்பாவிடம் சொன்னபோது, “நெய்யறதுக்கு யாருகிட்டச் சீட்டு வாங்கணும்?” என்று சிரித்தார். நெய்வதற்குச் சீட்டு வேண்டாம், பெயரைக் காப்பதற்குத்தான் வேண்டும் என்று அவருக்கு விளக்கவே எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. பதிவின்போது தாக்கல் செய்யப்பட்ட விவரக்குறிப்பு தங்களிடம் இருக்கிறது. அதிலிருந்து, எந்த நூல், என்ன கனம், என்ன நெசவு, எந்த நிலப்பரப்பு என்பதை நல்ல தமிழில், படங்களோடு, காவல் நிலையத்தில் இருப்பவரும் கடைக்காரரும் புரிந்துகொள்ளும்படி இரண்டு பக்கங்களில் வெளியிடுங்கள். டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கருத்துக் கேட்டு வந்தால் இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு வரையறையைத் தாங்களே விதித்துக்கொண்டு அதை அறிவியுங்கள். மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலில் பெறும் வழியும் அதில் இருக்கட்டும். துணியைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால், சேலத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவு. அங்குள்ளவர்களின் ஆய்வுக் குறிப்பைத் தங்கள் கருத்துக்கு அடிப்படையாக ஏற்றுக்கொள்வதாக ஓர் ஏற்பாடு செய்தால், சென்னை கிண்டியிலுள்ள தங்கள் அலுவலகத்துக்குத் துணி வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று ஒரு பிரிவு உண்டு. திரைப்படத் திருட்டைப் பிடித்துப் பழகிய அவர்களுக்கு ஒரு நாள் பவானிக்கு வந்து குழித்தறியைப் பார்க்கும் வாய்ப்பைத் தங்கள் அலுவலகம் ஏற்படுத்தித் தரலாம். அப்படி வரும்போதே படிவங்களையும் கொண்டுவந்து, நெசவாளர்களிடம் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் இரண்டு வேலையும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

2018இல் புவிசார் குறியீட்டுக்கெனப் பொது இலச்சினை ஒன்றை அரசு வெளியிட்டது. அதற்கு முன்பே, 2006இலிருந்து, கைத்தறி முத்திரையும் இருக்கிறது. இன்னொரு முத்திரையை நான் கேட்கவில்லை. துணித்துண்டைத் தைக்கத் தெரிந்தவருக்கு முத்திரையைத் தைக்கவும் தெரியும். முத்திரை பொய் என்று சந்தேகம் வரும்போது, ஆமாம் அது பொய்தான் என்றோ, இல்லை அது அசலேதான் என்றோ உரிய காலத்தில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கே அச்சு அடிக்கும் ஓசை கேட்கும்; எந்த வீட்டில் இன்று தறி ஓடவில்லை என்பதை ஓசை குறைவதை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். இன்று அந்தத் தெருவில் இரண்டு தறிகள்தான் ஓடுகின்றன. அதற்குப் போலி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். கூலி, நூல் விலை, பிளாஸ்டிக் பாயும் நாற்காலியும் வந்தது, படித்த பிள்ளைகள் என்னைப் போல வேறு வேலைக்குப் போனது, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் மற்றவற்றுக்கு நான் யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. இதற்கு மட்டும் சட்டமே ஒரு முகவரியைத் தந்திருக்கிறது.

அந்த விரிப்பு இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது, துணித்துண்டோடும் சீட்டோடும். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், சரக்கைத் திருப்பிக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. பெரியப்பா நெய்த ஒன்றும் என்னிடம் இருக்கிறது. தாங்கள் ஒரு நாளும் நேரமும் குறித்தால் இரண்டையும் கிண்டிக்கு எடுத்துவந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுகிறேன். பெரியப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து ரூபாய்ப் படிவத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

இப்படிக்கு,
பவானி நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஒரு கணக்கர்
ஈரோடு